மிடி கோப்பைத் திருத்தவும் மாற்றவும் எது சரி? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

கீபோர்டு வாசிக்கிறவர்கள், சர்ச் பாடகர் குழு நடத்துகிறவர்கள், மெல்லிசைக் குழுவில் இருக்கிறவர்கள் என்று பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “ஒரு மிடி ஃபைல் இருக்கிறது, ஸ்கேல் மாற்றணும், கொஞ்சம் வேகம் குறைக்கணும், அப்புறம் எம்பி3 ஆக்கணும், எந்த சாஃப்ட்வேர் போடட்டும்?” ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் தப்பான பெயரைச் சொன்னால் அவர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலை சத்தமில்லாமல் அழிந்துபோகும். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது.

ஒரு கல்யாணக் கச்சேரிக்காகப் புல்லாங்குழல் பகுதியை மூன்று நாள் உட்கார்ந்து வாசித்துப் பதிந்திருந்தேன். கடைசி நேரத்தில் இரண்டு இடத்தில் சுரம் பிசகியிருப்பது தெரிந்ததும், கைக்குக் கிடைத்த ஒரு நோட்டேஷன் மென்பொருளில் திறந்து, அந்த இரண்டு சுரத்தையும் திருத்தி, அதிலிருந்தே மிடியாகச் சேமித்து பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்தில் ஓடவிட்டால் எல்லாச் சுரமும் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரு இழுப்பு இல்லை, ஒரு அசைவு இல்லை, காலிங் பெல் அடிக்கிற மாதிரி நேராக விழுகிறது. பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டதால் திரும்பிப் போகவும் வழியில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: கடைசியில் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? தாளா, ஒலியா, கீபோர்டில் செருகுகிற பென்டிரைவா?

## மிடிக்குள் என்ன இருக்கிறது

இது தெரியாமல் ஒப்பிட முடியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தமாக அமுக்கப்பட்டது, எப்போது விடப்பட்டது, நடுவில் பிட்ச் வீல் (சுரத்தை இழுக்க உதவும் சக்கரம்) எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்புகள்தான் இருக்கின்றன. அதனால்தான் சிடி தரத்தில் 40 எம்பி பிடிக்கிற நாலு நிமிடப் பாட்டு, மிடியில் சில பத்து கேபிக்குள் அடங்கிவிடுகிறது. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி மொழி வந்தது 1983-இல். கோப்பு வடிவம் 1988-இல் வந்தது. எந்த எண்ணுக்கு எந்தக் கருவி என்று 128 ஒலிகளுக்கு வரிசை போட்ட ஜெனரல் மிடி 1991-இல் வந்தது.

அந்த 128-ஐ நம்மூர்க்காரர்கள் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும். 105 சிதார், 112 ஷெனாய். வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை. தாள வரிசையில் தபலா, மிருதங்கம், தவில் எதுவும் இல்லை. உங்கள் கீபோர்டில் இந்திய ஒலிகள் இருந்தால் அவை அந்த நிறுவனத்தின் தனி பாங்கில் (எண் போட்ட ஒலித் தொகுப்பில்) இருக்கும், பாங்க் எண்ணும் கருவி எண்ணும் சேர்ந்து போனால்தான் அந்த ஒலி வரும். வழியில் பாங்க் எண் தொலைந்தால் மிருதங்கம் வாசித்த இடத்தில் காங்கோவும் மணியும் கேட்கும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

கடைசிப் பொருள் என்ன என்பது முதல் அளவுகோல். இரண்டாவது, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது: கோப்பைத் திறந்து திரும்பச் சேமித்தால் உள்ளே இருந்ததில் எது தொலைகிறது? மூன்றாவது, எம்பி3 ஆக்குகிறபோது ஒலி எங்கிருந்து வருகிறது, அதை நீங்கள் மாற்ற முடியுமா? அப்புறம் ஒரு கோப்பா அறுபது கோப்பா, உங்கள் கணினி எவ்வளவு தாங்கும், எவ்வளவு பணம், கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஒதுக்க முடியும் என்பவை.

| வழி | தாளில் நோட்டேஷன் | கீபோர்டுக்கு மிடி | ஒலிக் கோப்பு | பணம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| மியூஸ்ஸ்கோர் | மிக நன்று | வேண்டாம் | நன்று | இலவசம் | இழுப்பு, பாங்க் தொலையும் |
| செகைஜூ | சுமார் | மிக நன்று | வராது | இலவசம் | விண்டோஸ் மட்டும் |
| ரீப்பர் | சுமார் | நன்று | மிக நன்று | 60 டாலர் | ஒலி நீங்கள்தான் தேட வேண்டும் |
| ஃப்ளூயிட்சின்த் | இல்லை | இல்லை | நன்று | இலவசம் | கட்டளை வரியில் வேலை |
| ஆன்லைன் மாற்றிகள் | தளத்தைப் பொறுத்தது | சந்தேகம் | சுமார் | பெரும்பாலும் இலவசம் | ஒலி உங்கள் கையில் இல்லை |

## மியூஸ்ஸ்கோர்: தாள் வேண்டும் என்றால்

நாலு குரலுக்கு நோட்டேஷன் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், மாணவருக்கு ஸ்டாஃபில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் இதற்கு மேல் தேட வேண்டாம். திறமூலம், இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. மிடியைத் திறந்தால் ஸ்டாஃபில் விரித்துக் காட்டும், பிடிஎஃப், மியூசிக்எக்ஸ்எம்எல், வேவ், எம்பி3 எல்லாமாகவும் வெளியே எடுக்கலாம்.

ஆனால் நோட்டேஷன் என்பது வாசித்ததை எழுத்தாக்குவது. எழுத்தில் அடங்காததை அது விட்டுவிடும். மிடியைத் திறக்கும்போது மியூஸ்ஸ்கோர் ஒவ்வொரு சுரத்தையும் அருகிலுள்ள கால அளவோடு ஒட்டவைத்து எழுதும், பிட்ச் பெண்டையும் (பிட்ச் வீலால் வரும் இழுப்பையும்) நுணுக்கமான கன்ட்ரோல் மாற்றங்களையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது. மேற்கத்திய கீர்த்தனைக்கு இது பெரிய இழப்பு இல்லை. கமகம் உள்ள எதற்கும் இது உயிரை எடுத்துவிடுவது போல. ஆகவே இதைத் தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இதிலிருந்து மிடியாகத் திரும்ப எடுத்துக் கீபோர்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

இன்னொரு சங்கடம். மெட்ரோனோம் இல்லாமல் சும்மா வாசித்துப் பதிந்த மிடியைத் திறந்தால் பார் கோடுகள் பாட்டோடு சேராமல், அறுபத்துநாலில் ஒரு பங்கு சுரங்களும் வளைந்த டை கோடுகளுமாகப் பக்கம் முழுக்க மொய்க்கும். அதைச் சுத்தம் செய்கிற நேரத்தில் காதால் கேட்டுப் புதிதாகவே எழுதிவிடலாம் என்பது என் அனுபவம். க்ளிக்கோடு வாசித்த கோப்பு என்றால் அழகாக விரியும்.

மறைந்த செலவு இரண்டு. நான்காம் பதிப்பில் வரும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகள் கேட்க அருமையாக இருக்கின்றன, ஆனால் தரவிறக்கம் ஜிபி கணக்கில் போகும், பழைய லேப்டாப் திணறும். இரண்டாவது, மென்பொருள் இலவசம் என்றாலும் அதே பெயரில் நோட்டேஷன் பகிரும் தளம் ஒன்று சந்தா கேட்கும். அந்தச் சந்தாவுக்கும் மென்பொருளுக்கும் சம்பந்தமில்லை, கார்டு எண் போடுவதற்கு முன்னால் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

## செகைஜூ: மிடியாகவே திருத்தி மிடியாகவே வைக்க

பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான், ஆனால் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஜப்பானில் உருவான சின்னத் திறமூல எடிட்டர், விண்டோஸில் ஓடும், பழைய கணினியிலும் நொடியில் திறக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மிடிஎடிட்டர் என்ற வேறொரு இலவச மென்பொருளைப் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது ஈவன்ட் லிஸ்ட். கோப்பில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு வரி, கணக்கு நோட்டு மாதிரி. பாங்க் எண், கருவி எண், பெடல், பிட்ச் பெண்ட், கீபோர்டு நிறுவனம் தனக்காகப் போட்ட சிஸ்எக்ஸ் வரிகள் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். நீங்கள் தொட்டது மட்டும்தான் மாறும். கண்ணுக்குத் தெரியாமல் எதையும் “சரிசெய்து” தராத இந்தக் குணத்துக்காகவே நான் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

ஸ்கேல் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டையில் இருக்கும் பாட்டைப் பாடகிக்காக இரண்டு கட்டைக்கு ஏற்ற வேண்டும், அதாவது சி-யிலிருந்து டி, இரண்டு செமிடோன் (அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஒரு செமிடோன்). எல்லா ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து இரண்டு ஏற்றினால் 10-ஆவது சேனலில் (கருவிகளைப் பிரித்துவைக்கும் வழிகளில் தாளத்துக்கென்று ஒதுக்கியது) இருக்கும் தாளமும் கூடவே ஏறிவிடும். ஜெனரல் மிடியில் 36 கிக், 38 ஸ்னேர். கிக் விழ வேண்டிய இடத்திலெல்லாம் ஸ்னேர் விழும், 42-இல் இருந்த மூடிய ஹைஹாட் 44-க்குப் போய்ப் பெடல் ஹைஹாட் ஆகும். எந்த மென்பொருளாக இருந்தாலும் 10-ஆவது சேனலை விட்டுவிட்டு ஏற்றுங்கள். இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளாத ஆன்லைன் கருவிகளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இழுப்பு விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுவதற்கும் பொதுவானது, அதனால் மெலடியையும் கார்டையும் ஒரே சேனலில் வைத்தால் மெலடி இழுபடும்போது கார்டும் சேர்ந்து இழுபடும். வழக்கமாக வீல் முழுக்க நகர்ந்தால் இரண்டு செமிடோன் வரைதான். நீண்ட ஜாருவுக்காக அந்த எல்லையைப் பன்னிரண்டு என்று மாற்றி வைத்து வாசித்திருந்தால், அதைச் சொல்லும் சில வரிகள் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும். தெரியாமல் அவற்றை அழித்துவிட்டாலோ, பாட்டின் முதல் சில பார்களை வெட்டும்போது அவையும் போய்விட்டாலோ, நாலு செமிடோன் ஏற வேண்டிய இழுப்பு ஒரு செமிடோனைக்கூட எட்டாமல் அந்தரத்தில் நிற்கும். கேட்கிறவருக்கு அது அபசுரம்.

குறைகள்: ஒலிக் கோப்பாக வெளியே எடுக்க வராது. திருத்தும்போது கேட்கிற ஒலியும் பெரும்பாலும் விண்டோஸில் உள்ளதுதான், அந்தத் தொகுப்பு மொத்தமே 4 எம்பிகூட இல்லை, அதைக் கேட்டுவிட்டுப் பாட்டு மோசம் என்று முடிவு செய்ய வேண்டாம். கருவி எண்ணிலும் கவனம் வேண்டும், சில மென்பொருள்கள் 1-இலிருந்தும் சில 0-இலிருந்தும் எண்ணும். சிதார் ஒன்றில் 105, இன்னொன்றில் 104. மாற்றிப் போட்டால் பாஞ்சோ வரும்.

பென்டிரைவில் போடுகிறவர்களுக்கு: கோப்பு பெரும்பாலும் ஃபார்மட் 0, ஃபார்மட் 1 என்று இரண்டு விதமாக வரும். முதலாவதில் எல்லாம் ஒரே ட்ராக்கில், இரண்டாவதில் தனித்தனி ட்ராக்கில். சில பழைய கீபோர்டுகள் 0 மட்டுமே படிக்கும். அதனால் திருத்துவதை 1-இல் வைத்துக்கொண்டு, கீபோர்டுக்குப் போகும் பிரதியை மட்டும் 0 ஆக்குங்கள். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். கரோக்கிக்காகத் தமிழ் வரிகளைச் சேர்க்கிறவர்களும் ஒரு வரியைச் சேர்த்துக் கருவியில் சோதித்துவிட்டு மீதியைத் தட்டச்சு செய்வது நல்லது, ஏனென்றால் ஆங்கில எழுத்தை மட்டும் எதிர்பார்க்கும் பிளேயர்களில் தமிழ் வரி வெறும் குறியீடுகளாகத்தான் தெரியும்.

## ரீப்பர்: நல்ல ஒலியில் பாட்டாக வேண்டும் என்றால்

இது முழு ஸ்டுடியோ மென்பொருள். மிடியை உள்ளே போட்டு, ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனி ஒலி கொடுத்து, அதன் மேலேயே பாடியதையும் பதிந்து, மிக்ஸ் செய்து எம்பி3 எடுக்கலாம். பியானோ ரோல் (சுரங்களைக் கட்டங்களாகக் காட்டுவது), ஈவன்ட் லிஸ்ட், நோட்டேஷன் மூன்று பார்வையும் உண்டு. பிட்ச் பெண்டைப் பென்சிலால் வரைகிற மாதிரி வரையலாம், இழுப்பைச் செதுக்க இதைவிட வசதியான இடம் நான் பார்த்ததில்லை.

60 நாள் முழு வசதியோடு சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். அதன்பின் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், வருட வருமானம் 20,000 டாலருக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கும் உரிமம் 60 டாலர். நம் காசுக்கு ஐயாயிரத்துக்கு மேல் வரும். மாதச் சந்தா கிடையாது. இந்தத் துறையில் மற்ற பெரிய மென்பொருள்களின் விலையோடு வைத்துப் பார்த்தால் நியாயமான காசு, வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள் கொடுத்தே வாங்குங்கள்.

இங்கே மறைந்த செலவு நேரம். மிடியைப் போட்டு பிளே அழுத்தினால் சத்தமே வராது, ஏனென்றால் கருவி ஒலிகளை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். ஸ்ஃபோர்ஸான்டோ என்ற இலவச பிளக்இன்னில் (உள்ளே செருகும் துணை மென்பொருளில்) ஒரு சவுண்ட்ஃபான்டை (கருவி ஒலிகள் அடங்கிய கோப்பை) ஏற்றி ட்ராக் ட்ராக்காகக் கருவியைப் பொருத்த வேண்டும், பத்து ட்ராக் என்றால் பத்து முறை. முதல் பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும், இரண்டாவது பாட்டுக்கு ஒரு மணி நேரம், ஏனென்றால் அந்த அமைப்பை டெம்பிளேட்டாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். கோப்பை உள்ளே போடும்போது அதன் டெம்போவையும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும், அவசரத்தில் மறுத்துவிட்டால் நடுவில் வேகம் மாறுகிற பாட்டெல்லாம் குழம்பும். மிடியாக வெளியே எடுக்கும்போது ஃபார்மட் 0 அல்லது 1 என்று தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது.

ஒரே ஒரு கோப்பை எம்பி3 ஆக்குவதற்காக மட்டும் இதை நிறுவ வேண்டாம், அது தேவையில்லாத சுமை.

## ஃப்ளூயிட்சின்த்: அறுபது கோப்பை ஒரே இரவில்

சர்ச் பாடல் புத்தகத்தின் மிடி கோப்புகள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றையும் பயிற்சிக்காக எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இந்த வேலைக்கு ஒவ்வொன்றாகத் திறந்து சேமிப்பது வீண். ஃப்ளூயிட்சின்த் என்ற கட்டளை வரி நிரலிடம் ஒரு சவுண்ட்ஃபான்டையும் ஒரு மிடியையும் கொடுத்தால் வேவ் கோப்பாக எழுதித் தரும், அதைச் சுழற்சியில் போட்டால் ஃபோல்டர் முழுக்க முடிந்துவிடும், எம்பி3 ஆக்கும் வேலையை எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றி நிரல் பார்த்துக்கொள்ளும். ஒலியை முடிவு செய்வது சவுண்ட்ஃபான்ட்தான். ஜெனரல்யூசர் ஜிஎஸ் 30 எம்பி அளவில் இருந்தாலும் சமநிலையாகக் கேட்கும். ஃப்ளூயிட்ஆர்3 140 எம்பிக்குப் பக்கம், இன்னும் நிறைவாக இருக்கும். எல்லாக் கோப்பும் ஒரே ஒலியில் வருவது இதன் பெரிய பலம்.

கோப்பைத் திருத்த இதில் முடியாது. அறுபது கோப்பிலும் ஒரே மாற்றம், உதாரணமாக ஆர்கன் எண்ணைப் பியானோ எண்ணாக்க வேண்டும் என்றால், மிடிசிஎஸ்வி என்ற சின்ன நிரல் மிடியை அட்டவணை எழுத்தாக்கித் தரும், அதில் தேடி மாற்றிவிட்டுத் திரும்ப மிடியாக்கலாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயப்படாதவர்களுக்கு இது வரம். மற்றவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஒரு நாள் வேலைதான்.

ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தி ஏற்கனவே இருக்கிறதே, அதிலேயே மாற்றலாமா என்று கேட்பார்கள். அதில் மிடியைத் திறந்து பார்க்கலாம், ஆனால் அதிலிருந்து எம்பி3 ஆக எடுக்க முடியாது. வேவ் ஆக்கிய பிறகு முன்னும் பின்னும் வெட்ட, சத்தத்தைச் சமப்படுத்த அது நல்ல கருவி.

## ஆன்லைன் மாற்றிகள்: ஒரு முறை, அவசரத்துக்கு

கைபேசி மட்டும்தான் இருக்கிறது, இன்றைக்கு மாலை ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்றால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சிக்னல் என்று உலாவியிலேயே ஓடுகிற திறமூல எடிட்டரும் இருக்கிறது, சின்னத் திருத்தத்துக்குப் போதும். ஆனால் மாற்றித் தரும் தளங்களில் எந்தச் சவுண்ட்ஃபான்ட் என்பது அவர்கள் முடிவு, அடுத்த மாதம் அதே கோப்பைக் கொடுத்தால் அதே ஒலி வரும் என்று சொல்ல முடியாது. வெளியாகாத உங்கள் சொந்த மெட்டையோ, வேறொருவர் நம்பிக் கொடுத்த கோப்பையோ முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

## எம்பி3-ஐ மிடி ஆக்க முடியுமா?

இது வேறு வேலை, மேலே சொன்னவை இதற்கானவை அல்ல. மிடியிலிருந்து எம்பி3 போவது சமையல் குறிப்பை வைத்துச் சாம்பார் வைக்கிற மாதிரி, திரும்பி வருவது சாம்பாரைச் சுவைத்துக் குறிப்பு எழுதுகிற மாதிரி. ஸ்பாடிஃபை 2022-இல் வெளியிட்ட பேசிக் பிட்ச் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இதைச் செய்யும், இழுப்பையும் பிட்ச் பெண்டாக எழுத முயலும். தனிப் புல்லாங்குழல், தனிக் குரல் என்று ஒரு நேரத்தில் ஒரே கருவி இருந்தால் நல்ல தொடக்கம் கிடைக்கும், அப்புறம் செகைஜூவிலோ ரீப்பரிலோ உட்கார்ந்து சுத்தம் செய்ய வேண்டும். முழு சினிமாப் பாட்டைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான சிதறிய சுரங்கள்தான் வரும்.

## எந்த நிலைமைக்கு எது

பாடகர் குழுவுக்குத் தாள் வேண்டுமா, மியூஸ்ஸ்கோர் மட்டும் போதும். மேடையில் கீபோர்டிலிருந்து ஓடவிடுகிறவர் செகைஜூவை வைத்துக்கொள்ளட்டும், பாட்டைப் பதிந்து வெளியிட நினைக்கிறவர் காலத்தை ஒதுக்கி ரீப்பர் கற்றுக்கொள்ளட்டும். மிருதங்கம், வீணை போன்ற கீபோர்டின் தனி ஒலிகள்தான் வேண்டும் என்றால் எந்த மென்பொருளும் அவற்றைத் தராது, கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்குக் கம்பி போட்டு நேரடியாகப் பதிவதுதான் வழி. கோப்பை மாற்றும் மென்பொருளைத் தேடி வாரக்கணக்கில் அலைந்தவர்கள் பலர் இதைக் கேட்டதும் அரை மணி நேரத்தில் வேலையை முடித்திருக்கிறார்கள்.

எதை நிறுவினாலும், உண்மையான வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். இழுப்பும் பெடலும் அதிகமுள்ள ஒரு கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திறந்து, எதையும் தொடாமல் வேறு பெயரில் மிடியாகச் சேமியுங்கள். 60 கேபி இருந்தது 20 கேபி ஆகியிருந்தால் ஏதோ தொலைந்திருக்கிறது. பிறகு இரண்டையும் ஈவன்ட் லிஸ்டில் அடுத்தடுத்து வைத்து, தொடக்கத்தில் பாங்க் எண்கள் அப்படியே இருக்கின்றனவா, பெடலுக்கான “கன்ட்ரோல் 64” என்ற வரிகள் இருக்கின்றனவா, பிட்ச் பெண்ட் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் அந்த மென்பொருளில் உங்கள் மூலக் கோப்பைத் தைரியமாகத் திறக்கலாம்.